மேடம் என்று கூப்பிட்டவன்

காலை ஏழு மணிக்கு, பூட்டியிருந்த டேங்க் குழிக்குள்ளிருந்து ஃபிரெடி இருமினான்.

தபீதாளுக்கு அது உடனே உறைக்கவில்லை. கூலிங் வாட்டர் வால்வைத் திறந்துவிட்டு, குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் சீராகும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். தம்பியின் இருமல் அவளுக்கு அவ்வளவு பழக்கம். முதலில் ஒரு செருமல், அப்புறம் வறட்டென்று இரண்டு இருமல், முடிவில் யாரையோ திட்டுவதுபோல ஒரு முனகல். ஒன்பது வயதில் நிமோனியா வந்து பிழைத்ததிலிருந்து அவனுக்கு அப்படித்தான். காலங்கார்த்தால சிகரெட்டா என்று மனசுக்குள் கடிந்துகொண்டே நிமிர்ந்தவள், ஷெட்டின் கம்பி வலை வழியாக வாசலைப் பார்த்தாள். ஃபிரெடி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். முதுகை இந்தப் பக்கம் காட்டிக்கொண்டு, ஹெல்பர் பாலுவோடு பேசிக்கொண்டு, முப்பது அடி தூரத்தில்.

குழிக்குள் இறங்கும் படிகளின் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

ஃபேன் குழாயில் அடித்துத் திரும்பிய எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு லாக் புத்தகத்தில் தண்ணீரின் சூட்டை எழுதும்போது எண் கோணிக்கொண்டு போனது.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் முட்டுச்சந்தில் இருந்தது அந்த ஷெட். முதலாளி குப்புராஜின் அப்பா நெல் போட்ட நிலம்; மகன் அதில் தகரம் போட்டு மெஷின் இறக்கியிருந்தார். பிரேக் கம்பெனிகளிலிருந்தும் பம்ப் கம்பெனிகளிலிருந்தும் எண்ணெய் சொட்டச் சொட்ட வரும் இரும்பு, பித்தளைச் சாமான்களைப் பிசுக்கில்லாமல் கழுவி அனுப்புவது தொழில். தண்ணீரில் அல்ல, டிசிஇ என்கிற கரைப்பானில். ஆள் உயரத்தைத் தாண்டிய ஸ்டீல் டேங்கின் அடியில் அது கொதிக்கும்; ஆவியாகி எழும்; டேங்கின் கழுத்தைச் சுற்றி ஓடும் குளிர்ந்த குழாய்களைத் தொட்டதும் மறுபடி திரவமாகி வடியும். சாமான் கூடையைச் சங்கிலியில் மாட்டி நிதானமாக இறக்கினால், குளிர்ந்த இரும்பு எங்கே எங்கே என்று தேடிக்கொண்டு வருவதுபோல ஆவி வந்து அதில் ஒட்டும். ஒட்டி, எண்ணெயை உரித்துக்கொண்டு சொட்டும்.

டேங்கின் வாய் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று, ஏழு படி ஆழத்துக்குக் குழி வெட்டி அதற்குள் அதை நிறுத்தியிருந்தார்கள். வினை அங்கேதான். கசிகிற ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது. குழியில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். இனிப்பான வாசனை. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து அதுவும் தெரியாமல் போகும். அப்புறம் தலை லேசாகும், சிரிப்பு வரும், தூக்கம் வரும். விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் பக்கத்திலேயே படுத்துவிடுவான்.

அதனால்தான் பதினோரு வருஷமாக அந்த டேங்குக்குப் பொறுப்பாயிருந்த தபீதாள் ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. முதலில் தண்ணீர், பிறகுதான் ஹீட்டர். கூடை வெளியே வந்த மறு நிமிஷம் டேங்குக்கு மூடி. குழியின் அடியிலிருந்து உறிஞ்சும் ஃபேன் நிற்கவே கூடாது. குழிக்குள் இறங்க வேண்டுமென்றால் டேங்கைக் காலி செய்து, ஒரு நாள் முழுக்கக் காற்றோட விட்டு, ஆவியை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, கம்பிரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் ஏர்-லைன் மாஸ்க் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். இறங்குவதற்கான அனுமதிச் சீட்டில் அவள் கையெழுத்து வேண்டும். ஷெட்டில் அவளுக்குப் ‘பூட்டம்மா’ என்று பேர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபிரெடி குழி விளிம்பில் உட்கார்ந்து சிகரெட் பிடித்ததை அவளே பார்த்தாள். டிசிஇ ஆவி நெருப்பைக் கடந்தால் விஷவாயுவாகும் என்று அவனுக்குத் தெரியாததல்ல. புத்தகத்தில் எழுதினாள். மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனான். வரவேண்டிய ஃபோர்மேன் வேலையும் கைவிட்டுப் போனது. திரும்பி வந்த நாளில் எல்லார் முன்னாலும் நின்று, “குட் மார்னிங், மேடம்” என்றான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா இல்லை. கீழ்க்கட்டளையில் ஒரே வீடு, ஒரே சமையலறை. அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தொன்று. கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்து வளர்த்த கை. அந்தக் கையால் செய்த சோற்றை விட்டுவிட்டு அவன் ஹோட்டலில் சாப்பிட்டான்.

புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், குழி கூப்பிட்டது.

“அக்கா.”

அவள் சோற்று டப்பாவை அப்படியே வைத்தாள்.

“அக்கா, கொஞ்சம் கை குடேன்.”

குரலில் அவசரமில்லை. சின்ன வயதில் காய்ச்சலோடு பாயில் கிடந்து தண்ணீர் கேட்பானே, அந்தக் குழைவு. ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு படக்கென்றது. கூலிங் குழாயில் தண்ணீர் ஓடியது. எல்லாம் எப்போதும்போல இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் குரல் தரை மட்டத்துக்கு மேலே ஏறாமல், விளிம்பில் தளும்பிக்கொண்டு நின்றது.

அவள் போனை எடுத்து ஃபிரெடிக்கு அடித்தாள்.

“இன்னா மேடம்?” பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பேரிங் வாங்கப் போயிருந்தான். “சாப்பாட்டு டைம்ல கூடவா? அதையும் புக்குல எழுதிக்கோ.”

“நீ எங்கடா இருக்கே?”

“பேஜார் பண்ணாத. வை போனை.”

வலது காதில் அவன் திட்டிக்கொண்டிருந்தான். இடது காதில், குழியிலிருந்து, அதே குரல் சொன்னது: “அக்கா, பசிக்குதுக்கா.”

அன்று சாயங்காலம்வரை அவள் குழிப் பக்கம் போகவில்லை. பாலுவை விட்டு மூடியைப் போடச் சொன்னாள். அவள் பயந்தது குரலுக்காக மட்டுமல்ல. அதைக் கேட்டபோது தன் மனசு குளிர்ந்ததே, அதற்காகத்தான். இரண்டு மாதமாக ஒரு சொல்லுக்கு ஏங்கிக் கிடந்த காது. அதற்கு எது வேண்டும் என்று குழிக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அது அவளை ஏறக்குறைய எடுத்தேவிட்டது.

எப்போது கதவைத் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் கை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. ‘பழையபடி இருக்கலாம்க்கா’ என்று அவன் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், அவள் மூன்றாம் படியில் நிற்கிறாள். முழங்கால்வரை ஜில்லென்றிருக்கிறது. கையில் சாவி. வாயில் சிரிப்பு. வாசனையே இல்லை.

வாசனையே இல்லை.

அதுதான் அவளைக் காப்பாற்றியது. பதினோரு வருஷத்துப் பழக்கம் உடம்புக்குள்ளிருந்து கத்தியது. திரும்பினாள். ஒரு படி. கால் பஞ்சாக இருந்தது. இன்னொரு படி. பின்னாலிருந்து சேலை முந்தானை இழுபட்டது. கைப்பிடிக் கம்பியில் சிக்கியிருக்கும், கம்பிதான். திரும்பிப் பார்க்காமல் கிழித்துக்கொண்டு மேலே வந்து, தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

குப்புராஜிடம் போய், குழிக்குள் ஆவி ஏறுகிறது, டேங்கை நிறுத்த வேண்டும் என்றாள். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

“கூலிங் காயில்ல எங்கியோ லீக் கீது. அதான? ஒரு பிளம்பரு இறங்கினா பத்து நிமிஷ வேலை. நீ சீட்டுல கையெழுத்து போடு.”

“சார், ஒரு நாள் காத்தோட விடணும். மீட்டர் ரீடிங் பார்க்கணும். அப்புறம்தான்.”

“ஒரு நாளா? சனிக்கிழமை மாலு போவணும்மா. எந்த ஊர்ல இருக்கே நீ?”

“நான் கையெழுத்து போடமாட்டேன் சார்.”

“போடாட்டி போ. நீ போட்டாதான் பூமி சுத்துதா?” அவர் எழுந்து நின்றார். “பொம்பளையாச்சேன்னு பார்க்கறேன். உனக்குத்தான் கேஸு தலைக்கு ஏறிக் கீது. வாய கழுவிக்கினு வூட்டுக்குப் போ.”

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில், கீழ்க்கட்டளை பஸ் நிற்கிற இடத்தில், ஃபிரெடி வரும்வரை ஒரு மணி நேரம் நின்றாள். பூக்காரிகளின் கூச்சலும் டீசல் புகையும் வேர்வையுமாக அவளைச் சுற்றி ஊர் அலைமோதியது. அந்த நாற்றமெல்லாம் அவளுக்கு அன்று ஆறுதலாயிருந்தது. அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான்.

“ஃபிரெடி, ஒரே ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டு. அந்தக் குழி உன் குரல்ல என்னைக் கூப்பிடுது.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்திலிருந்து கோபம் இறங்கிப் போய், அவள் இத்தனை வருஷத்தில் பார்த்திராத வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

“எப்பலேந்து?” என்றான்.

“திங்கக்கிழமைலேந்து.”

“எனக்கு ஒரு மாசமா.” அவளுக்குக் கிட்டே வந்தான். “உன் குரல்ல. தம்பி வாடா, சாப்பிட வாடான்னு. நீதான் என்னை டெஸ்ட் பண்றேன்னு நினைச்சேன். நான் எறங்கினா புக்குல எழுதிடலாம்னு எங்கியோ ஸ்பீக்கர் வெச்சிருக்கேன்னு. தேடிக்கூடப் பார்த்தேன்.”

பஸ் வந்து, நின்று, போனது.

“எறங்கிடாதே” என்றாள். “நான் உள்ளேயிருந்து செத்துப்போறேன்னு அலறினாலும் எறங்காதே. அது நான் இல்ல.”

“நீ கூப்பிட்டா நான் எதுக்கு வரப்போறேன் மேடம்?” என்றான் ஃபிரெடி. பழைய எகத்தாளம்தான். ஆனால் வீடு வரைக்கும் அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தான்.

சனிக்கிழமை அரை நாள். காலையில் சாமான் எல்லாம் கழுவி முடித்ததும் அவள் ஹீட்டரை நிறுத்தி, மூடியைப் போட்டு, குழியைப் பூட்டினாள். பன்னிரண்டரைக்குக் குப்புராஜ் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, கம்பெனிக்காரர்கள் கேட்ட ஏதோ ஃபாரத்தை நிரப்பச் சொன்னார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஃபேன் சத்தமும் இல்லை. கரண்ட் செலவு என்று யாரையோ விட்டு நிறுத்தச் சொல்லியிருந்தார் அவர்.

குழிக் கதவு திறந்திருந்தது. பூட்டு இரண்டாக வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஃபிரெடியின் கட்டர். பாலு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“அக்கா... நீ இங்க கீறியா?” குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “நீ உள்ள மாட்டிக்கினேன்னு கத்தினியேக்கா. எனக்கும் கேட்டுச்சி. நான் வேணாண்ணான்னு பிடிச்சேன். தள்ளிட்டு எறங்கிட்டான்.”

வரமாட்டேன் என்றவன் இறங்கிவிட்டான்.

விளிம்பிலிருந்து பார்த்தால் டேங்கின் மறைவில் ஒரு செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. கீழேயிருந்து குரல் வந்தது, குழைந்து: “அக்கா, வந்துட்டியா, வா.” அதற்கு மேலேயே, அதை மிதித்துக்கொண்டு, இன்னொன்று. கரகரவென்று, மூச்சு வாங்க, ஆத்திரமாக.

“ஏ மேடம்! நிக்கிறியே! மாஸ்க்... மாஸ்க்க எடு...”

அவன்தான். திட்டுகிறவன்தான் அவன்.

அவள் ஓடவில்லை. ஓடினால் பிசகும். ஃபேன் சுவிட்ச். கம்பிரசர். ஹோஸ். மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, பட்டையை இழுத்து, காற்று வருகிறதா என்று மூன்று மூச்சு. இடுப்பில் ஒரு கயிறு, கையில் ஒரு கயிறு, இரண்டின் நுனியும் பாலுவிடம். நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷமும் கீழே அவன் திட்டிக்கொண்டே இருந்தான். கடைசி நிமிஷத்தில் வார்த்தை இல்லை. வெறும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

ஏழு படி. மாஸ்க்குக்குள் அவள் மூச்சு மட்டும் இரைந்தது. டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான், முகம் சுவர்ப் பக்கம். அக்குளில் கயிறு கொடுத்துக் கட்டினாள். உடம்பு சில்லிட்டிருந்தது, குழாயைத் தொட்டதுபோல. சைகை காட்டினாள். எழுபத்தைந்து கிலோ ஆள். பாலு ஒருவன் ஒரு கையால் இழுத்தான். உடம்பு சட்டென்று மேலே போய்விட்டது. எவ்வளவு லேசாகப் போனது என்று அப்போது யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

மேலே வந்து, அவனைத் தரையில் கிடத்தி, தன் மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தைத் தட்டினாள். கண்ணைத் திறந்தான். இருமவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“வந்துட்டியாக்கா” என்றான்.

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கர்த்தரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய் ஓயாமல் சொல்லியது. அந்தச் சத்தத்திலும் ஆம்புலன்ஸ் சத்தத்திலும் வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல நிமோனியான்னு சொன்னீங்களே? சிகரெட் வேற. ஒரு தழும்பு இல்லையே. கழுவி வெச்ச மாதிரி இருக்கு” என்றார். நீங்களும் கொஞ்சம் சுவாசித்திருக்கிறீர்கள், சில நாளைக்குத் தலை சுற்றும், இல்லாதது கேட்கும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

வீட்டில் ஃபிரெடி தங்கமாக இருந்தான். அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டான். தட்டைக் கழுவிவைத்தான். சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டான். வார்த்தைக்கு வார்த்தை அக்கா. எதிர்வீட்டு சுஜி வந்து பார்த்துவிட்டு, “அண்ணன் எவ்ளோ மாறிட்டாரு! ஏசப்பா காரியம் செஞ்சுட்டாரு பாருங்க” என்றாள்.

இரும்புக் கட்டிலில் அவன் படுக்கவில்லை. தரையில் படுத்தான். தரையிலும் நடு அறையில் அல்ல. குளியலறை வாசலில், தண்ணீர் வடிகிற சரிவில், எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில். பகலில் மாடிப்படியின் கடைசிப் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்பைப் பற்றவைத்தால் நகர்ந்து போவான். திங்கட்கிழமை மத்தியானம் அவள் சமையலறைக்குள் வந்தபோது அவன் ஃப்ரிட்ஜ் கதவில் கன்னத்தையும் நெஞ்சையும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். கதவில், அவன் உடம்பு பட்ட இடமெல்லாம், முத்து முத்தாக ஈரம். தரையில் சொட்டியது. அந்த ஈரம் தண்ணீர் இல்லை. இனித்தது அதன் வாசனை.

“சூடா இருக்குக்கா” என்றான் திரும்பாமல்.

அன்று சாயங்காலம் அவன் தலைக்கு எண்ணெய் வைத்தாள். பயத்தை மறைக்கத்தான் வைத்தாள். கைநிறையத் தேங்காயெண்ணெய் எடுத்து உச்சியில் தேய்த்தாள். முடி வறண்டே இருந்தது. மறுபடி எடுத்தாள். உச்சந்தலையில் ஒரு பிசுக்கு இல்லை. கையைப் பார்த்தாள். கையிலும் எண்ணெய் இல்லை. தோல் சாம்பல் பூத்து, ரேகையெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் தேயேன்” என்றான் அவன்.

அந்த மூன்று நாளில் அவன் ஒரு தடவைகூட இருமவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குப்புராஜ் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டாராம், டேங்கைத் தூக்கியாயிற்றாம், அந்தக் குழியே வேண்டாம், காங்கிரீட் கொட்டி மூடுகிறோம், உன் சாமான் எதுவும் இருந்தால் வந்து எடுத்துக்கொள் என்றார். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். ஃபிரெடி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான்.

“நானும் வரேன்க்கா.”

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்ஜின் சூடு வந்ததும் குனிந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஷெட்டின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். கலவை லாரி பின்பக்கமாக உள்ளே வந்து, வயிறு சுழன்றுகொண்டு நின்றது. முதல்முறையாகக் குழிக்குள் வெயில் அடித்தது. டேங்க் இல்லை. ஏழு படி. ஈரத் தரை. நான்கு சுவர். ஓர் ஈகூட இல்லை. பாலு கையில் பலகையோடு விளிம்பில் நின்றான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

லாரியின் சரிவுத் தகடு வழியாக முதல் கலவை சரிந்து கீழே விழுந்தது.

“ஏ மேடம்!”

வெறுங்குழியிலிருந்து.

“எவ்ளோ நேரமா கத்தறேன்! செவுடா நீ? மேலேர்ந்து இன்னாத்தையோ கொட்டறானுங்க! மேடம்!”

ஒரு செருமல். வறட்டென்று இரண்டு இருமல். ஒரு முனகல்.

அவள் பாலுவைப் பார்த்தாள். பாலுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. கை நிற்காமல் கலவையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கேட்டது. மூன்று நாளாகவே கேட்டிருக்க வேண்டும்.

“நிறுத்துங்க!” அவள் லாரியை நோக்கி ஓடினாள். “ஆள் இருக்கு! உள்ளே ஆள் இருக்கு!”

“எங்கம்மா ஆளு?” குப்புராஜ் குறுக்கே வந்தார். “கண்ணத் தொறந்து பாரு. காலியா கீது. உன் தம்பி இதோ உன் பின்னாலயே கீறான். யோவ், இந்தம்மாவப் பிடிங்கய்யா. கேஸு இன்னும் இறங்கல.” டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “நீ கொட்டு.”

கலவை கொட்டியது. அடியிலிருந்து முதல் படி மறைந்தது. இரண்டாவது.

கீழே கெட்ட வார்த்தை. குப்புராஜின் அம்மாவை, லாரிக்காரனை, அவளை, அவள் புத்தகத்தை. மூன்றாவது படி. மூச்சு வாங்கியது குரலுக்கு. நான்காவது. திட்டு நின்றது.

“அக்கா” என்றது. கரகரத்த அதே தொண்டை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக. “அக்கா. பயமா இருக்குக்கா.”

பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு அவள் திமிறினாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வறண்ட கை. குழாயைப்போலச் சில்லென்ற கை. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், தம்பி பிடித்துக்கொண்டானே என்று.

அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து குழியைப் பார்த்தான். இனிப்பு வாசனை அடித்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான்.

“இதோ வந்துட்டேன்டா தம்பி.”

அவளுடைய குரல். அவளுடைய அதே இழுப்பு, அதே குழைவு. ஒன்பது வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் சொன்ன அதே குரல்.

“அக்கா இங்கதான் இருக்கேன். கயிறு எடுத்துட்டு வரேன். கத்தாதே. மூச்சைச் சேர்த்து வெச்சுக்கோ. அப்படியே சும்மா படுத்திரு, என்ன?”

நம்பாதே, அது நான் இல்லை என்று கத்தப் பார்த்தாள். தபீதாள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை. அவள் குரல் அவளுக்குப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கீழே சத்தம் நின்றது.

“சரிக்கா” என்றது ஃபிரெடியின் குரல். மெல்ல. சண்டை தீர்ந்த குரலில்.

ஐந்தாவது படி. ஆறாவது. லாரியின் வயிறு சுழன்றது. பாலு குனிந்து பலகையை இழுத்தான். சாம்பல் நிறத்தில், ஈரமாக, ஒரு சுருக்கமில்லாமல் அது மட்டமாகிக்கொண்டே வந்தது. அதற்குக் கீழே, அக்கா சொன்னபடி, ஒரு சத்தமும் இல்லாமல் அவன் காத்துக்கொண்டிருந்தான்.